கட்டியங்காரன் இல்லாத திரை

பங்குனி மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு விசாரணை நடக்கிறது. நம்பெருமாள் உறையூர் போய், கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிட்டார். வாழை மட்டையால் அடி விழுகிறது. வெண்ணெயும் பூவும் பழமும் பெருமாள் மேல் வந்து விழுகின்றன. எங்கே போயிருந்தீர், மேனியில் இதெல்லாம் என்ன அடையாளம் என்று தாயார் தரப்பு கேட்கிறது. வேட்டைக்குப் போனேன், கணையாழி தொலைந்துவிட்டது, தேடினேன் என்று பெருமாள் தரப்பு சமாதானம் சொல்கிறது. சொல்லச் சொல்லக் கூட்டம் சிரிக்கிறது. கடைசியில் நம்மாழ்வார் வந்துதான் சமரசம் செய்து வைக்கிறார். அதே பங்குனி உத்திரத்தன்று, தாயாரும் பெருமாளும் சேர்ந்து எழுந்தருளியிருக்கும்போதுதான் ராமானுஜர் கத்யத்ரயத்தைச் சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. சரணாகதியின் உச்சமான வாசகங்கள், தெய்வம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட நாளோடு சேர்த்தே இங்கே நினைக்கப்படுகின்றன. பக்திக்கும் சிரிப்புக்கும் நடுவே இந்த ஊர் சுவர் எழுப்பவில்லை.

தெய்வத்தை மட்டையால் அடித்துச் சிரிக்கத் தெரிந்த நாம், மனிதர்களாகப் பிறந்து வாழ்ந்து போனவர்களைப் பற்றிப் படம் எடுக்கும்போது மட்டும் ஏன் இப்படி விறைத்துப்போகிறோம்? நம் வரலாற்றுப் படங்களில் நாயகன் கருவிலேயே தலைவன். தவறு செய்வதில்லை, செய்தாலும் பிறர் தூண்டிச் செய்கிறான். அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, அவனும் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதில்லை. இதைக் குறை என்று சொன்னால், மரியாதை தெரியாதவன் என்று பதில் வருகிறது. மரியாதை என்றால் என்ன என்பதை ஸ்ரீரங்கத்துக் கதைசொல்லிகளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

வைகுண்ட ஏகாதசித் திருநாளில் இராப்பத்தின் எட்டாம் நாள், மணல்வெளியில் வேடுபறி நடக்கும். நம்பெருமாள் தங்கக் குதிரையில் வருகிறார். திருமங்கை மன்னன் தன் ஆட்களோடு வந்து வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார். பின்னாளில் ஆழ்வாராகப் போகிற ஒருவரின் திருட்டை, அவரிடம் பறிகொடுத்த பெருமாளையே நேரில் நிறுத்தி, ஊரே கூடி ஆண்டுதோறும் நடித்துப் பார்க்கிறது. நமக்குத் தெரிந்த வாழ்க்கை வரலாற்று நாடகங்களில் இதைவிடத் துணிச்சலானது எது என்று யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

திருந்துவதற்கு முந்தைய குற்றம்தானே, அதைச் சொல்வது எளிது என்று நினைக்கலாம். குருபரம்பரைக் கதைகள் அதோடு நிற்கவில்லை. ஆழ்வாரான பின்பும், அரங்கன் கோயில் மதிலுக்குப் பொருள் வேண்டி, நாகப்பட்டினத்துப் பௌத்தர்களின் பொற்சிலையைக் கவர்ந்து வந்து உருக்கினார் என்கின்றன. மதில் எழும்பியபின் கூலி கேட்ட ஆட்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்து நடுவெள்ளத்தில் கவிழ்த்தார் என்றும் சொல்கின்றன. செத்தவர்களுக்கு வைகுந்தமே கூலியாகக் கிடைத்தது என்று கதை முடிகிறது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஏற்க மறுக்கும் வாய்ப்பை எனக்குத் தந்தவர்கள் அந்தக் கதையைச் சொன்னவர்களே. மறைத்திருந்தால் கேள்வியே எழுந்திராது. ஆலிநாடன் திருவீதி என்று அவர் பெயரால் விளங்கும் வீதியில் நடக்கிறவர், மதிலைப் பார்த்து வியக்கலாம், கூலி கிடைக்காமல் போனவர்களையும் நினைக்கலாம். இரண்டுக்கும் மரபில் இடம் இருக்கிறது.

இந்த ஆழ்வார்களைத் திரைக்குக் கொண்டுவந்த படங்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது ஏ.பி. நாகராஜனின் 'திருமால் பெருமை' (1968). பெரியாழ்வார், தொண்டரடிப்பொடி ஆழ்வார், திருமங்கை ஆழ்வார் என்று மூவராகவும் வந்தவர் சிவாஜி கணேசன். நடையையும் குரலையும் மூன்று விதமாக மாற்றிக் காட்ட வல்ல நடிகர் அவர். ஆனால் பக்திப் படம் என்ற வகைக்கு வேண்டியது மூன்று வெவ்வேறு மனிதர்கள் அல்ல, மூவரும் போய்ச் சேரும் ஒரே பரவசம். போய்ச் சேர்ந்த இடத்தையே பார்க்கிற கண்ணுக்கு, வந்த வழியின் மேடு பள்ளம் தெரிவதில்லை.

ஒரு பெரியவரின் வீழ்ச்சியை நம் திரை மனமுவந்து காட்டியதும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. தியாகராஜ பாகவதரின் படங்களை எடுத்துக்கொள்வோம். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்து, திருச்சிக்காரராகவே அறியப்பட்டவர் அவர். அவருடைய பெரும் வெற்றிகளில் பலவும் பழங்கதை மாந்தரின் வாழ்க்கைகள். 'சிந்தாமணி' (1937) பில்வமங்களனின் கதை. 'ஹரிதாஸ்' (1944) சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. முதல் படத்தில் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணம் தாசி சிந்தாமணி, இரண்டாவதில் டி.ஆர். ராஜகுமாரி நடித்த ரம்பா. பிறகு 1954இல் பரணி பிக்சர்ஸ் தெலுங்கில் 'விப்ரநாராயணா' எடுத்தது. நாகேஸ்வர ராவ், பானுமதி நடித்தார்கள். அது ஸ்ரீரங்கத்துத் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் கதை, அங்கே தேவதேவி. மூன்று படங்களிலும் நாயகன் விழலாம், கை காட்ட ஒரு பெண் இருந்தால் போதும். பேராசையால் விழுந்தவன், அதிகாரத்தால் விழுந்தவன், கொள்கைப் பிடிவாதத்தால் பிறரை நசுக்கியவன் ஆகியோருக்கு இந்த இரக்கம் கிடைக்கவில்லை. கொள்ளிடத்தில் கவிழ்ந்த ஓடத்துக்குத் தாசி யாரும் பொறுப்பில்லை. அதனால்தான் அந்த மாதிரிக் கதை நம் திரைக்குக் கடினமாக இருக்கிறது.

விப்ரநாராயணர் கதையிலேயே நகைச்சுவையின் உச்சம் ஒன்று உண்டு. தேவதேவி வீட்டுக்குக் கோயில் பொன்வட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அரங்கனே. திருட்டுப் பட்டம் மட்டும் பக்தர் தலையில் விழுகிறது. தெய்வத்தையே திருடனாக்கிப் பார்த்த அந்தப் பழைய கற்பனைக்குத் தன் நாயகர்கள் மேல் அச்சம் இல்லை, உரிமை இருந்தது.

அந்த உரிமையை நம் கூத்தும் வைத்திருந்தது. தெருக்கூத்தில் ராஜா எத்தனை கம்பீரமாக வந்தாலும், கட்டியங்காரன் எதிரே நின்று, நீ யாரப்பா, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான். ராஜா பதில் சொல்லியாக வேண்டும். கிண்டலைத் தாங்கிக்கொண்டுதான் அவன் ராஜாவாக நிற்க முடியும். அரசனும் அவனைக் கேலி செய்பவனும் நிற்பது ஒரே மேடை, ஒரே விளக்கு. சினிமா வந்ததும் இருவரும் பிரிக்கப்பட்டார்கள். என்.எஸ். கிருஷ்ணன் ஒப்பற்ற கலைஞர். அவரும் டி.ஏ. மதுரமும் வந்த நகைச்சுவைப் பகுதிகள் பல, மூலக்கதையோடு ஒட்டாமல் தனியே உருவாகிப் படத்தில் சேர்ந்தவை. மக்கள் அவற்றைக் கொண்டாடினார்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அந்த வழக்கம் ஊன்றிப்போனதால் சிரிப்புக்கு ஓர் அறை, நாயகனுக்கு ஓர் அறை என்றாயிற்று. நாயகனின் அறைக்குள் கட்டியங்காரன் நுழையவே முடியாமல் போனது. சமூகப் படங்கள் பின்னால் இந்தச் சுவரை உடைத்தன. வரலாற்றுப் படங்களில் அது இன்னும் நிற்கிறது.

இதற்குப் பெரிய உதாரணம் நம் எல்லோருக்கும் பிடித்த படம்தான். சிவாஜி சிறுவனாகத் திருச்சியில் இருந்தபோது பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் அவருக்கு நடிப்பாசையை ஊட்டியது. அந்தச் சிறுவன் வளர்ந்து நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வந்தது. பி.ஆர். பந்துலு இயக்கினார், சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் வரி மறுத்துப் பேசும் காட்சியை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவர்கள் இரண்டு தலைமுறையினர்.

வரலாற்றில் அந்தச் சந்திப்பு 1798இல் ராமநாதபுரத்தில் நடந்தது. அதற்குமுன் நடந்ததைத்தான் நாம் அறிய வேண்டும். கலெக்டர் ஜாக்சன் பாளையங்களைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். கட்டபொம்மன் அவரைச் சந்திக்க ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார். 23 நாள், சுமார் 400 மைல். வரி நிலுவையில் பெரும்பகுதியை அதற்குள் கட்டிவிட்டார், மீதி 1080 பகோடாதான். ராமநாதபுரத்தில் அவரையும் அமைச்சர் சிவசுப்பிரமணியத்தையும் மூன்று மணி நேரம் நிற்கவைத்தே பேசினார் ஜாக்சன். அங்கிருந்து தப்பும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். கும்பெனி அமைத்த விசாரணைக் குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. வேலை போனது ஜாக்சனுக்குத்தான். பிறகு போர் மூண்டு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

வரி கட்டியவன், காத்துக் கிடந்தவன், நிற்கவைத்து அவமானப்படுத்தப்பட்டவன், பிறகு ஒரு நொடியில் பொறுமை தீர்ந்து கத்தியை எடுத்தவன். இவன் வீரத்தில் குறைந்தவனா? என் பார்வையில் இவனே உயர்ந்தவன். அரசு அலுவலகத் தாழ்வாரத்தில் மனுவோடு நின்று கால் கடுத்த ஒவ்வொருவருக்கும் இவனைத் தெரியும். திரையில் கர்ஜித்தவரைக் கும்பிடலாம். 23 நாள் அலைந்தவரின் பக்கத்தில் போய் நிற்கலாம். அந்த அலைச்சலில் அபத்தமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஊர் மாறி ஊர் ஓடும் கலெக்டர், பின்னாலேயே பரிவாரத்தோடு பாளையக்காரர். கூத்துக்காரன் கையில் இது கிடைத்திருந்தால் கட்டியங்காரன் அரைமணி நேரம் வெளுத்து வாங்கியிருப்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வரும் தூக்குமேடை இன்னும் கனத்திருக்கும்.

கட்டபொம்மனைப் பற்றி ஊரில் நடந்த சண்டையும் இந்தக் குறையைத்தான் காட்டியது. ம.பொ.சி. அவரை விடுதலைப் போரின் முன்னோடியாக நிறுவினார். தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதினார். ஒன்று வீரன், அல்லது கொள்ளைக்காரன், நடுவே எதுவும் கிடையாது. கொள்ளைக்காரரும் ஆழ்வாரும் ஒரே ஆள்தான் என்று ஆயிரம் ஆண்டாகச் சொல்லிவந்த மரபு, இருபதாம் நூற்றாண்டில் ஒரு பாளையக்காரரின் இரண்டு முகங்களைச் சேர்த்துப் பார்க்க முடியாமல் தவித்தது. கட்டபொம்மனுக்குப் பின் 1801 ஜூனில், கும்பெனியை எதிர்த்து எழுந்த மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. பாளையக்காரர்களின் ஒற்றுமைக்கு அது கொடுத்த குரல் பெரிது. ஒற்றுமை இல்லாமல் அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் குரலின் தேவை விளங்கும்.

இந்த விறைப்பை உடைத்தவர் வடிவேலு. சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) நம் வரலாற்றுப் படங்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த விமர்சனத்தையும்விடக் கூர்மையானது. அந்த மன்னன் தன் முகத்தையும் வேறொருவனின் கட்டுடலையும் ஒட்டி ஓவியம் தீட்டச் செய்கிறான். பின்னால் வருகிறவர்கள் தன்னை இப்படித்தான் நினைக்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு. அந்த ஒரு காட்சியில் நம் வாழ்க்கை வரலாற்றுப் படங்களின் தொழில் ரகசியம் முழுவதும் அடங்கிவிட்டது. முகம் சரித்திரத்துக்கு உரியது, உடம்பு நம் ஆசைக்கு உரியது. மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்களை இத்தனை காலம் எப்படி வியக்க வைத்தார்கள் என்பது அவர்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் கற்பனை மன்னனுக்குக் கிடைத்த அந்த விடுதலை, பெயர் தெரிந்த தலைவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

காரணம் வெளிப்படை. பெயர் சொன்னால் குடும்பம் வரும், கட்சி வரும், சாதிச் சங்கம் வரும், வழக்கு வரும். 'தலைவி' (2021) வெளிவருமுன் உயர் நீதிமன்றம் வரை போய்வந்தது. மணிரத்னத்தின் 'இருவர்' (1997) ஆனந்தன், தமிழ்ச்செல்வன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தால்தான் அந்த மனிதர்கள் பொறாமைப்படவும் தயங்கவும் பழைய நட்பை எண்ணி ஏங்கவும் முடிந்தது. சொந்தப் பெயரில் வர முடியாதவர்களே நம் திரையில் சொந்த முகத்தோடு வந்திருக்கிறார்கள். தலைவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர்களை அறியும் வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

அடைபட்ட வழிக்கு அப்பால் எத்தனை கதைகள் காத்திருக்கின்றன என்று திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1930இல் நோபல் பரிசு அறிவிப்பு வருமுன்பே ஸ்டாக்ஹோம் போகக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி. அந்த அவசரமும் கர்வமும் இல்லாத ராமன், ராமனே அல்ல. அதே 1930இல் ஏப்ரல் 13 விடியலில், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று மரத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு பேரரசை இப்படிக் கேலி செய்து தோற்கடித்த கதை நம்மிடம் இருக்கும்போது, தலைவர் மேடையில் பேச மக்கள் கைதட்டும் காட்சியையே திரும்பத் திரும்ப எதற்கு எடுக்கிறோம்?

ராமானுஜர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் பலமுறை திரைக்கு வந்த ஸ்ரீரங்கத்துப் பெரியவர் அவர். 1938இல் வந்த 'ஸ்ரீ ராமானுஜர்' மணிக்கொடி இதழ் எழுத்தாளர்களின் முயற்சி. வ.ரா. எழுதினார், சங்கு சுப்பிரமணியம் ராமானுஜராக நடித்தார், ந. பிச்சமூர்த்தியும் அதில் நடித்திருக்கிறார். ஆலய நுழைவு நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. 1989இல் ஜி.வி. ஐயர், ஆதிசங்கரரையும் மத்வரையும் படமாக்கிய பின் ராமானுஜரை எடுத்தார். 2015இல் கடவுள் நம்பிக்கை இல்லாத மு. கருணாநிதி, கலைஞர் தொலைக்காட்சித் தொடருக்காக அவர் கதையை எழுதினார். நம்பியவரும் நம்பாதவரும் ஒரே மனிதரிடம் தமக்கு வேண்டியதைக் கண்டார்கள் என்பதே ராமானுஜரின் பெருமை. எல்லாத் தலைமுறையும் அவரிடம் முதலில் தேடிப் போவது திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தை. தான் நரகம் போனாலும் ஊர் உய்யட்டும் என்று மந்திரத்தை உரக்கச் சொன்ன அந்த உச்சம் திரைக்கென்றே பிறந்தது.

ஆனால் குருபரம்பரை அவரைக் கோபுரத்தின் மேலேயே விட்டுவிடவில்லை. மனைவி தஞ்சமாம்பாளோடு ஒத்துப்போகாமல், மாமனார் எழுதியதுபோல ஒரு கடிதம் தாமே எழுதிக் காட்டி, அவரைப் பிறந்தகம் அனுப்பிவிட்டுத் துறவு பூண்டார் என்று சொல்கிறது. அந்தப் பெண்ணின் தரப்பை யாராவது எழுதினால் அது பெரிய படமாகும். உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லிதாசரையும் அது சொல்கிறது. மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு திருவிழாக் கூட்டத்தில் நடந்தவர் அவர். ஊர் சிரித்தது. ராமானுஜர் சிரிக்கவில்லை, இதைவிட அழகான கண்களைக் காட்டுகிறேன் வா என்று அரங்கன் முன் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு காவிரியில் நீராடித் திரும்பும்போது அவர் தோளிலேயே கை வைத்து நடந்தார். உயர்குலச் சீடர்கள் முகம் சுளித்தார்கள்.

அவர்களைத் திருத்த ராமானுஜர் பிரசங்கம் செய்யவில்லை, விளையாடினார். கொடியில் உலர்ந்த அவர்கள் வேட்டிகளில் ஒவ்வொரு துண்டு இரவில் கிழிபட ஏற்பாடு செய்தார். விடிந்ததும் வேதாந்திகள் கந்தைக்காக ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். அடுத்து, தாசர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பொன்னாச்சியின் நகைகளைத் திருடி வரச் சொல்லி அவர்களையே அனுப்பினார். அவள் தூங்குவதுபோல் படுத்திருந்து, ஒரு பக்கத்து நகை போனதும் மறுபக்கத்தையும் கொடுக்கத் திரும்பிப் படுத்தாள். விழித்துவிட்டாள் என்று சீடர்கள் ஓட்டம் பிடித்தார்கள். வீடு திரும்பிய தாசர் மனைவியைத்தான் கடிந்துகொண்டார். என் நகை, நான் கொடுக்கிறேன் என்ற எண்ணம் இல்லாமல் அசையாது கிடந்திருந்தால் எல்லாமே போய்ச் சேர்ந்திருக்குமே என்றார். சாதித் திமிரை இத்தனை சிரிப்போடு, இத்தனை ஆழமாக உடைத்த காட்சியை எந்தத் தமிழ்த் திரைக்கதையிலும் நான் கண்டதில்லை.

அடுத்து ராமானுஜரைப் படமாக்க வருகிறவர் இந்த வேட்டிகளில் தொடங்கட்டும். சீடர்களின் சண்டையைப் பார்த்து அரங்கம் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பில் தன் முகமும் தெரிகிறதே என்று பார்க்கிறவர் திடுக்கிடட்டும். தஞ்சமாம்பாள் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும், ராமானுஜர் பதில் இல்லாமல் நிற்கட்டும். இவ்வளவையும் பார்த்தபின் கோபுரம் வரும்போது, ஏறுகிறவர் நமக்குத் தெரிந்த மனிதராக இருப்பார். கட்டபொம்மனுக்கும் ராமனுக்கும் நாம் எடுக்கப்போகும் எந்தத் தலைவருக்கும் இதே அளவுகோல்தான். கட்டியங்காரன் எதிரே நின்று நீ யாரப்பா என்று கேட்கட்டும். பெரியவர்களுக்கு அந்தக் கேள்வியைத் தாங்கும் தெம்பு உண்டு என்று நம்புவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.